நியூ கார்மெல் சிறைக்கதவின் இரண்டு பூட்டுகள்

நியூ கார்மெல் ஊர்க்கூட்டத்தின் குறிப்பேட்டில், 1790ஆம் ஆண்டு மார்ச் பதினெட்டாம் தேதிக்கான பக்கம் பாதியில் நிற்கிறது. கடைசி வார்த்தை 'ஆகவே'. அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய மைக்கறை. அந்தப் பக்கத்தை எழுதியவன் நான், சைலஸ், ஊர் எழுத்தர். ஏன் பாதியில் நிறுத்தினாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நடந்ததைத்தான் சொன்னேன். யாருக்கும் பிடிக்கவில்லை.

புதிய அரசியல் சாசனம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒன்றியத்துக்கு அதிபர் இருந்தார், காங்கிரஸ் இருந்தது, நீதிபதிகள் இருந்தார்கள். சிறை மட்டும் இல்லை. சிறை இல்லாத அரசாங்கத்தை யார் மதிப்பார்கள்? அதனால், உங்கள் சிறைகளில் எங்கள் ஆட்களையும் கொஞ்சம் அடைத்து வையுங்கள் என்று மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார்கள். எங்கள் நியூ ஹாம்ப்ஷயரும் பெருந்தன்மையாகச் சம்மதித்தது. மாவட்டச் சிறை எங்கள் ஊரில் இருந்தது. கல்லால் கட்டிய ஒற்றை அறை, கம்பி போட்ட ஒரு ஜன்னல். ரம் குடித்துவிட்டுத் தெருவில் பாடியவர்களைத் தவிர அதுவரை அது யாரையும் பார்த்ததில்லை.

சண்டை சாவியில் தொடங்கியது.

"மாநிலத்தோட கதவு. சாவி என் இடுப்புலதான் தொங்கும்," என்றார் ஷெரிஃப் நேத்தன் க்ராஸ்பி. மாநிலத்தின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் தொப்பையில் கை வைத்துக்கொள்வது அவர் வழக்கம்.

"உள்ள இருக்கப்போறது ஒன்றியத்தோட கைதி. நீங்க பாட்டுக்குத் திறந்து விட்டுட்டா?" என்றார் ஒன்றியத்தின் துணை மார்ஷல் லவ்வெல். பதவிக்கு வந்து மூன்று மாதம்தான். பாஸ்டனில் தைத்த நீலக் கோட்டு அதைவிடப் புதிது.

"நாங்க ஏன் திறந்து விடறோம்? நீங்க எங்க ஆளைத் திறந்து விட்டுடுவீங்களோன்னுதான் எங்க பயமே!"

மூன்று நாள் ஊர்க்கூட்டம் நடந்தது. சுதந்திரம், இறையாண்மை, ரோமாபுரி, மறுபடி சுதந்திரம் என்று பேசினார்கள். தலைமை வகித்தவர் ஊர்ப் பெரியவரான ஸ்கொயர் வில்லார்ட். சாசனத்தை மாநிலம் ஏற்பதா வேண்டாமா என்று பார்த்த மாநாட்டில் எங்கள் ஊர்ப் பிரதிநிதியாக உட்கார்ந்துவிட்டு வந்தவர். "முதல்ல ஏத்துக்குவோம், குறை இருந்தா அப்புறம் திருத்திக்குவோம்" என்று அங்கே சொல்லி நல்ல பெயர் வாங்கியவர். அவர் வீட்டுக் கூரையும் அந்தக் கொள்கைப்படியே பத்து வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் அவர்தான் வழி கண்டுபிடித்தார். ஒரே கதவில் இரண்டு பூட்டு. ஒன்று மாநிலத்துக்கு, ஒன்று ஒன்றியத்துக்கு. அடைக்க வேண்டுமானால் எவரும் தன் பூட்டைத் தனியாகப் போட்டுக்கொள்ளலாம், ஏனென்றால் தத்தம் எல்லைக்குள் இருவருமே பெரியவர்கள். திறக்க வேண்டுமானால் இருவரும் சேர்ந்துதான் திறக்க வேண்டும், ஏனென்றால் ஒருவர் மட்டும் திறந்தால் அது கொடுங்கோன்மை. ஊரே எழுந்து நின்று கைதட்டியது. அறுபது கைகள் உயர்ந்தன. அதை எழுதும்போதே எனக்கு எங்கேயோ உறுத்தியது. ஆனால் உறுத்தலைக் குறித்துவைக்கக் குறிப்பேட்டில் இடம் கிடையாது.

உயர்ந்த கைகளில் ஒன்று கொல்லன் ஜோதம் பெல்லுடையது. போரில் இரண்டு விரல்களை விட்டுவிட்டு வந்த கை. கதவையும் பூட்டுகளையும் செய்தவன் அவன்தான்.

அவன் மனைவி மெஹிட்டபெல்லை ஊரே ஹிட்டி என்றுதான் கூப்பிடும். சர்ச்சுக்குப் பின்னால் அவர்களுடைய இரண்டு சின்னக் கல்லறைகள் இருந்தன. இரண்டு பிரசவத்திலும் மருத்துவச்சி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மருத்துவச்சி டார்கஸ் ஹட்ச் இருந்தது ஆற்றுக்கு அக்கரையில், வெர்மான்ட்டில். இந்தமுறை வலி தொடங்கியதுமே ஓடிப்போய்க் கூட்டிவந்துவிடுவது என்று ஜோதம் முடிவு செய்திருந்தான். மார்ச் மாதம் வேறு. ஆறு இன்னும் உறைந்துதான் கிடந்தது, ஆனால் பனி எந்த நேரமும் உடையலாம். உடைந்துவிட்டால் ஒரு வாரத்துக்கு நடந்தும் போக முடியாது, படகிலும் போக முடியாது.

பதினெட்டாம் தேதி காலை கதவுக்குத் திறப்பு விழா. அன்று காலையிலேயே ஹிட்டிக்கு வலி தொடங்கியது. சிறையைத் தாண்டித்தான் ஆற்றுக்குப் போக வேண்டும். ஜோதம் ஓட்டமும் நடையுமாக வந்தபோது ஸ்கொயர் வில்லார்ட் வழிமறித்தார்.

"எங்கப்பா இவ்வளவு அவசரம்? கதவு செஞ்சவன் இல்லாம விழாவா?"

"ஹிட்டிக்கு வலி வந்திருச்சு ஸ்கொயர். அக்கரைக்குப் போறேன்."

"போ, போ, யாரு வேண்டாம்னா? ரெண்டே நிமிஷம் நின்னுட்டுப் போ. பூட்டு ஏதாவது சிக்கிக்கிச்சுன்னா ஊர் சிரிக்கும்ல?"

ஜோதம் வானத்தைப் பார்த்தான், ஆற்றைப் பார்த்தான், நின்றான். அங்கே ஒரு புதிய சிக்கல் எழுந்திருந்தது. பூட்டிக் காட்ட வேண்டும், ஆனால் உள்ளே ஆள் இல்லை. காலி அறையைப் பூட்டினால் அதற்கு என்ன மரியாதை? ஷெரிஃப் உள்ளே போக மாட்டார், போனால் மாநிலமே உள்ளே போன மாதிரி. மார்ஷல் போனால் ஒன்றியமே போன மாதிரி. ஸ்கொயருக்கு முட்டிவலி. மற்றவர்கள் தங்கள் காலணிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

"அட விடுங்கய்யா, நானே போறேன்," என்றான் ஜோதம். "சட்டுனு பூட்டி சட்டுனு திறந்து தொலைங்க."

அவன் உள்ளே போனான். ஷெரிஃப் தன் பூட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பேசினார்.

"சகோதரர்களே! சுதந்திரம்னா என்ன? நம்ம ஆளை நாமே அடைக்கிற உரிமை! லண்டன்ல உட்கார்ந்திருக்கற ராஜா நம்மளை அடைச்சா அது அடிமைத்தனம். பக்கத்து வீட்டுக்காரன் அடைச்சா அது சுயாட்சி! அதுக்குத்தான் ரத்தம் சிந்தினோம்!"

கைதட்டல். மார்ஷல் தன் பூட்டைப் பூட்டினார். நீலக் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"பெருமக்களே! ஒன்றியத்தைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். எந்த மனுஷனோட சுதந்திரத்துலயும் ஒன்றியம் தலையிடாது, தேவைப்பட்டாலொழிய. எப்போ தேவைங்கறதைத் தீர்மானிக்கிற பாரத்தை மட்டும் மக்கள் மேல சுமத்தாம, ஒன்றியமே தன் தோள்ல சுமந்துக்குது!"

மறுபடி கைதட்டல். ரெண்டு நிமிஷம் முக்கால் மணி நேரமாகியிருந்தது.

"திறங்கய்யா!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினான் ஜோதம்.

இருவரும் சாவியோடு ஒரே நேரத்தில் நெருங்கினார்கள். தோளும் தோளும் மோதின. வாசலில் ஒரு ஆள்தான் நிற்க முடியும். ஷெரிஃப் ஒதுங்கி நின்று மார்ஷலுக்கு வழி விட்டார். மார்ஷலும் ஒதுங்கி ஷெரிஃபுக்கு வழி விட்டார். இவ்வளவு மரியாதையை நான் அவர்களிடம் முன்பு பார்த்ததில்லை.

"முதல்ல நீங்க திறங்க," என்றார் ஷெரிஃப். "நான் முதல்ல திறந்தா, ஒன்றியத்தோட உத்தரவுக்கு மாநிலம் கீழ்ப்படிஞ்ச மாதிரி ஆயிடும்."

"நான் முதல்ல திறந்தா, மாநிலம் சம்மதிக்குமான்னு ஒன்றியம் காத்து நின்ன மாதிரி ஆயிடுமே."

"சேர்ந்துன்னா ஒரே நொடியிலன்னு அர்த்தம்," என்று ஸ்கொயர் விளக்கினார். "நான் ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்றேன். ரெண்டு பேரும் கையை நீட்டித் திருப்புங்க."

"நீங்க எண்ணக் கூடாது," என்றார் மார்ஷல். "ஊர்ங்கறது மாநிலத்தோட பிள்ளை. மாநிலத்தோட எண்ணிக்கைக்கு ஒன்றியம் அசையாது."

சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. அப்போதுதான் ஆற்றுப் பக்கமிருந்து துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம் வந்தது. பனியில் முதல் விரிசல். எல்லோரும் ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டு மறுபடி கதவின் பக்கம் திரும்பினார்கள்.

"கேட்டுச்சா? கேட்டுச்சாய்யா உங்களுக்கு?" ஜோதமின் குரல் மாறியிருந்தது.

"பதறாதப்பா. விதி இருக்கு, பார்த்துக்கலாம்," என்று ஸ்கொயர் தீர்மானத்தை வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது. சட்டத்தில் ஒரு முட்டுக்கட்டையைக் கண்டால் அவர் முகம் அப்படித்தான் மலரும். "இதோ! கைதியை வெளிய விடணும்னா விடுதலை ஆணை வேணும். ஆணையில குற்றத்தைக் குறிப்பிடணும். இவன் மேல குற்றம் இல்ல. குற்றம் இல்லாட்டி கைதி இல்ல. கைதியா இல்லாதவனை எப்படி விடுதலை பண்றது?"

"அதான் கைதி இல்லையே, அப்ப விடுங்க!"

"அதைத்தாம்பா நானும் சொல்றேன். நீ கைதி இல்ல. அதனாலதான் விட முடியல."

கூட்டத்தில் யாரோ, ஏதாவது ஒரு குற்றத்தைச் சாட்டிவிட்டு மன்னித்துவிடலாமே என்றார்கள். எல்லோருக்கும் அது மனிதாபிமானமாகப் பட்டது. மார்ஷல் தன்னிடம் இருந்த தாள்களைப் புரட்டினார்.

"ஒன்றியம் புதுசு. இப்போதைக்கு எங்க கைவசம் மூணு குற்றம்தான் இருக்கு. தேசத் துரோகம், கள்ள நாணயம், கடற்கொள்ளை."

"கடற்கொள்ளையே போட்டுக்கலாம்," என்றார் ஒரு விவசாயி. "கடல் நூறு மைல் தள்ளியிருக்கு, யாரும் நம்ப மாட்டாங்க."

"போட்டா அதிபர்தான் மன்னிக்கணும். அவர் நியூயார்க்ல இருக்கார். தபால் போய்த் திரும்ப மூணு வாரம்."

"மாநிலத்துக்கிட்ட நல்ல குற்றமா நிறைய இருக்கு," என்று ஷெரிஃப் பெருமையோடு முன்வந்தார். "ஞாயித்துக்கிழமை வேலை செய்யறது."

"இன்னைக்கு வியாழன்."

"கெட்ட வார்த்தை பேசறது."

அதற்குமேல் ஜோதம் காத்திருக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாநிலத்தை, ஒன்றியத்தை, ஸ்கொயரின் முட்டியை, மார்ஷலின் தையல்காரனை என்று வரிசையாக ஏசினான். இருபது வருஷம் இரும்படித்தவன், சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. குறிப்பேட்டில் அந்த இடத்தில் நான் 'பலமாகப் பேசினார்' என்று எழுதியிருக்கிறேன். ஷெரிஃபுக்கு ஒரே சந்தோஷம். குற்றம் பதிவானது, மன்னிப்பும் பதிவானது. ஷெரிஃப் தன் சாவியை எடுத்துத் தன் பூட்டுக்குள் நுழைத்தார்.

"ஒரு நிமிஷம்," என்றார் மார்ஷல். "இப்போ இவன் சுத்தமான மாநிலக் கைதி. மாநிலக் கைதி இருக்கற கதவைத் திறக்க ஒன்றியம் கையை நீட்டினா, அது மாநில விவகாரத்துல தலையீடு. மாநிலங்களோட சுதந்திரத்தை ஒன்றியம் மதிக்குது. என் பூட்டை நான் தொடவே மாட்டேன்."

"பார்த்தீங்களா, எவ்வளவு கண்ணியம்!" என்று ஸ்கொயர் கண்கலங்கினார். மறுபடி கைதட்டல். ஷெரிஃபும் தட்டினார். தட்டுவதற்காகச் சாவியை வெளியே எடுத்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு அடங்கிப்போனது. ஜோதமின் வீடு புல்வெளிக்கு அந்தப் பக்கம், சிறை ஜன்னலிலிருந்து நேராகத் தெரியும். வலி முற்றினால் வேலியில் சிவப்புக் கம்பளியைத் தொங்கவிடுவதாக ஹிட்டி சொல்லியிருந்தாள். மதியம் கூட்டத்தார் சோள ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தபோது வேலியில் சிவப்பாக ஏதோ அசைந்தது.

ஜோதம் என்னைவிட முன்பே பார்த்திருந்தான். கத்தவில்லை. தாழ்ந்த குரலில், "சட்டத்துல என்னமோ இருக்குமே, உள்ள அடைபட்டவனை ஜட்ஜ் முன்னாடி கொண்டாந்து நிறுத்தச் சொல்றது?" என்று கேட்டான்.

"ஆட்கொணர்வு மனு!" ஸ்கொயர் துள்ளினார். "பேஷ்! சாசனத்துலயே இருக்கு. ராஜாவாலகூடப் பறிக்க முடியாத உரிமை. போர்ட்ஸ்மத்ல ஜட்ஜ் கையெழுத்து போட்டா, நாலாம் நாள் நீ வெளிய."

"நாலாம் நாளா? அப்ப இன்னைக்கு?"

"இன்னைக்குன்னா, சீக்கிரமா விசாரிக்கணும்னு ஒரு உரிமை வருது. பிரமாதமான உரிமை. சாசனத்துக்குத் திருத்தமா அனுப்பியிருக்காங்க. நம்ம மாநிலம் ஜனவரியிலயே சரின்னு சொல்லிட்டோம். வர்ஜீனியாதான் இன்னும் யோசிச்சிட்டிருக்கு. வந்து சேர்ந்ததும் முதல் ஆளா உனக்குத்தான்."

பிறகு சுதந்திரத்துக்கும் அதிகாரத்துக்கும் நடுவே இருக்கும் தராசு பற்றி ஸ்கொயர் பேசினார். ஷெரிஃப் பதில் பேசினார். மார்ஷல் பதிலுக்குப் பதில் பேசினார். பேச்சுக்குப் பேச்சு கைதட்டல். கைதட்டும்போதெல்லாம் உள்ளேயிருந்தும் டம், டம் என்று சத்தம் வந்தது. பாவம், கோபத்தில் சுவரை உதைக்கிறான் என்று நினைத்தேன். ஆற்றில் இன்னும் இரண்டு விரிசல் சத்தம் கேட்டது. நிலைமையை ஆராய மூவர் குழு ஒன்று அமைக்கலாம் என்று தீர்மானம் வந்தது. குழுவில் மாநிலத்துக்கு இரண்டு இடமா, ஒன்றியத்துக்கு இரண்டு இடமா என்று பேச்சு தொடங்கியது.

நான் ஜன்னலோரம் என் முக்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

"சைலஸ்," என்றான் ஜோதம். "நீ போயேன்."

"நான் எப்படிடா போவேன்? எழுத்தர் எழுந்து போனா கூட்டம் நடந்ததாவே கணக்கில்ல. ஒரு முடிவும் எடுக்க முடியாது."

"இப்ப மட்டும் என்னத்தை எடுத்தாங்க?"

ஸ்கொயர் எனக்காக நிறுத்தி நிறுத்தி, "ஆகவே... இக்கூட்டம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் 'ஆகவே' என்று எழுதினேன்.

"சைலஸ், ரெண்டை மண்ணுல வெச்சுட்டேன்டா," என்றான் ஜோதம். "மூணாவதுக்கும் குழி தோண்ட என்னால முடியாது."

பேனாவைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். பின்னால் ஸ்கொயர், "எழுத்தர்! எழுத்தர் எங்க போறார்?" என்று அலறியது கேட்டது. கேட்க நன்றாகவே இருந்தது.

ஆற்றங்கரையில் அந்தத் தெம்பெல்லாம் போய்விட்டது. பனி சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது. அங்கங்கே மேலே தண்ணீர் நின்றது. நான் பேனா பிடித்தே பிழைத்தவன், வீரன் இல்லை. முட்டி போட்டுத் தவழ்ந்துகூடத் தாண்டத் தயாராக இருந்தேன், கொஞ்ச தூரம் அப்படித்தான் தாண்டினேன். நடு ஆற்றில் காலடியில் ஒரு முனகல் எழுந்து அக்கரை வரைக்கும் போனது. கண்ணை மூடிக்கொண்டு ஓடினேன்.

டார்கஸ் ஹட்ச் அறுபது வயதுக்காரி. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"புருஷன் எங்க?"

"ஜெயில்ல இருக்கான்."

"என்ன பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணாதவனை எதுக்கு அடைச்சீங்க?"

"அவனோட சுதந்திரத்தைப் பாதுகாக்க."

அவள் பையை எடுத்துக்கொண்டாள். "உங்க ஒன்றியத்துல சேரணும்னு எங்க ஆளுங்களும் துடிச்சிட்டிருக்கானுங்க. திரும்பி வந்து சொல்றேன் அவனுங்ககிட்ட. நீ முன்னாடி நட. உடைஞ்சா உன் அடியில உடையட்டும். ஊருக்கு எழுத்தன் வேற கிடைப்பான், மருத்துவச்சி கிடைக்க மாட்டா."

இருபதடி இடைவெளியில், ஆளுக்கொரு நீளமான கம்பைக் கிடைமட்டமாகப் பிடித்துக்கொண்டு நடந்தோம். எங்கள் கரைக்குப் பத்தடி இருக்கும்போது அவள் இடுப்பு வரை உள்ளே போய்விட்டாள். கம்பு அவளைத் தாங்கியது. நான் பனிமேல் குப்புறப் படுத்து, அவள் கோட்டின் காலரைப் பிடித்து இழுத்தேன். மூச்சு வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "பை நனைஞ்சுதா?" என்பதுதான். கரையேறித் திரும்பிப் பார்த்தபோது, நாங்கள் நடந்துவந்த பாதை துண்டு துண்டாகத் தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

ஹிட்டி கட்டில் கட்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தியிருந்தாள். என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தாள்.

"அவர் எங்கண்ணே?"

"வந்துட்டே இருக்கான்மா," என்றேன். அன்று நான் சொன்ன ஒரே பொய் அது.

டார்கஸ் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். நான் வேலியோரம் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளே ஹிட்டியின் அலறல், டார்கஸின் அதட்டல், அப்புறம் ஒன்றுமே இல்லாத ஒரு அமைதி. மூன்று நாள் கூட்டத்தில் உட்கார்ந்து அந்த விதியை அழகான கையெழுத்தில் எழுதியவன் நான்தானே என்று நினைத்துக்கொண்டேன். பிறகு உள்ளே பளார் என்று ஒரு அடி விழுந்தது. இன்னொரு அடி. அதற்குப் பிறகு அழுகை வந்தது, பூனைக்குட்டி கத்துவது போலத் தொடங்கி, ஊருக்கே கேட்கிற மாதிரி.

"பொண்ணு," என்றாள் டார்கஸ், ஜன்னலைத் திறந்து. "கொடி கழுத்தைச் சுத்தியிருந்தது. கால் மணி நேரம் தாமதமா வந்திருந்தா என் வேலை போர்த்திவிடறதோட முடிஞ்சிருக்கும். போய் அந்த அடைபட்டவனுக்குச் சொல்லு."

நான் சிறைக்கு ஓடியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அறுபது பேரும் அங்கேயே நின்றார்கள். நான் போன பிறகு கூட்டத்தை ஒத்திவைக்கக்கூட முடியவில்லை, ஒத்திவைத்ததை எழுத ஆள் வேண்டுமே. எழுத்தர் இல்லாமல் பேசினால் செல்லாது என்பதால் யாரும் பேசவில்லை. பேச்சு இல்லாததால் கைதட்டலும் இல்லை. குளிரில் கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு சுதந்திர மனிதர்கள் மௌனமாக நின்றார்கள்.

ஜன்னலுக்கே போனேன். "பொண்ணுடா. நல்லாருக்கா. ஹிட்டியும் நல்லாருக்கா."

ஜோதம் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான். பிறகு நிமிர்ந்து என் கையைப் பிடித்தான். அவன் விரல்முட்டிகள் எல்லாம் ரத்தமாக இருந்தன.

"அப்ப உட்கார்ந்து எழுத ஆரம்பி சைலஸ். யாரையாவது பேசச் சொல்லு. கைதட்டற மாதிரி பேசச் சொல்லு."

எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் முக்காலியில் உட்கார்ந்தேன், பேனாவை மட்டும் தொடவில்லை. எழுத்தர் உட்கார்ந்ததைக் கண்டதும் ஸ்கொயருக்கு உயிர் வந்தது. நான்கு மணி நேரம் அடக்கிவைத்ததெல்லாம் வந்தது. "மகத்தான இந்தச் சோதனையில்..." என்று தொடங்கி, "...அதிகாரமும் சுதந்திரமும் தோளோடு தோள் நிற்கின்றன!" என்று முடித்தார். குளிருக்கு இதமாக அறுபது பேரும் ஓங்கிக் கைதட்டினார்கள். உள்ளே டம், டம், டம் என்று மூன்று அடி. ஏதோ ஒரு இரும்பு கல்தரையில் விழுந்து உருண்டது.

கதவு அசைந்தது. பூட்டு இருந்த பக்கம் இல்லை, மறுபக்கம். கதவின் வெளிப்பக்கம் முழுவதும் மாநில முத்திரைக்கும் ஒன்றிய முத்திரைக்கும் வேண்டும் என்று இருவரும் அடம்பிடித்ததால், ஜோதம் கீல்களை உள்பக்கமாக வைத்திருந்தான். அந்தக் கீல்களின் ஆணிகளைத்தான் காலையிலிருந்து, சத்தம் வெளியே தெரியாதபடி கைதட்டலோடு கைதட்டலாக, அறைக்குள் கிடந்த முக்காலியின் காலால் அடித்துக்கொண்டிருந்தான். கதவைத் தூக்கி உள்ளே இழுத்து, பக்கத்துச் சுவரில் பக்குவமாகச் சாய்த்துவிட்டு வெளியே வந்தான்.

"மத்தியானமே முடிச்சிருப்பேன்," என்றான் என்னிடம். "நீ போனப்புறம் ஒரு பயலும் கைதட்டல."

யாரும் அவனைத் தடுக்கவில்லை. எப்படித் தடுப்பார்கள்? ஷெரிஃப் மார்ஷலைப் பார்த்தார், மார்ஷல் ஷெரிஃபைப் பார்த்தார். ஜோதம் புல்வெளியில் ஓடி, சிவப்புக் கம்பளியை வேலியிலிருந்து உருவிக்கொண்டு வீட்டுக்குள் போவதை எல்லோரும் பார்த்தார்கள்.

வெகுநேரம் கழித்து ஷெரிஃப் குனிந்து, சாய்ந்திருந்த கதவில் தன் பூட்டைச் சோதித்தார். "பூட்டினது பூட்டினபடி இருக்கு." மார்ஷலும் சோதித்தார். "ஒன்றியத்தோட பூட்டும் அப்படியே இருக்கு."

"ரெண்டு பூட்டும் திறக்கப்படல," என்றார் ஸ்கொயர் மெதுவாக. முகம் மலர்ந்துகொண்டே போனது. "ரெண்டு பூட்டும் சேர்ந்து திறந்தாத்தான் கைதி வெளிய வர முடியும். திறக்கப்படல. அப்படின்னா..."

"கைதி உள்ள இருக்கான்," என்றார்கள் இருவரும்.

கதவைத் தூக்கி வாசலில் நிறுத்தி, முட்டுக்கட்டை கொடுத்தார்கள். வேளாவேளைக்கு உள்ளே ரொட்டி வைக்க ஏற்பாடானது. அந்த வாரம் முழுக்க ஊர் எலிகள் நன்றாகச் சாப்பிட்டன.

மறுநாள் பிறப்புப் பதிவேட்டில் குழந்தையின் பெயரை எழுதினேன். தந்தை இருக்குமிடம் என்ற இடத்தில் 'வீட்டில்' என்று எழுதினேன். ஐந்தாம் நாள் ஸ்கொயர், ஷெரிஃப், மார்ஷல் மூவரும் என்னிடம் வந்தார்கள்.

"அந்த ஒரு வார்த்தையை அடிச்சிட்டு 'சிறையில்'னு எழுதிடு," என்றார் ஸ்கொயர். "ரெண்டு அரசாங்கத்தோட மானப் பிரச்சினை."

"வீட்டுலதானே இருக்கான். வந்து பாருங்க."

வந்தார்கள். கதவைத் தட்டினோம். திறந்தவன் ஜோதம். தோளில் குழந்தை. வாயோரம் கஞ்சி வழிந்துகொண்டிருந்தது, அவன் வாயோரம்தான், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என்னை உள்ளே இழுத்து அடுப்புப் பக்கம் உட்காரச் சொன்னான். மற்ற மூவரும் வாசலில் பனியில் நின்றார்கள். ஸ்கொயர் தொப்பியைக் கழற்றி, ஜோதமின் தோளுக்கு மேலாக எட்டி, உள்ளே கட்டிலில் இருந்த ஹிட்டியிடம் பேசினார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் ஜெயில்ல பத்திரமா இருக்கார். அவரோட உரிமைக்கு ஒரு குறையும் வராதுன்னு ரெண்டு அரசாங்கத்தோட சார்பிலயும் சொல்லிட்டுப் போக வந்தோம்."

ஹிட்டி எழுந்து மெதுவாக நடந்து வந்தாள். புருஷனைப் பார்த்தாள். மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"அப்படியா? அப்ப அவர்கிட்டயே போய்ச் சொல்லுங்க," என்றாள். "இங்க குழந்தைக்குக் குளிருது."

கதவைச் சாத்தி மரத்தாழ்ப்பாளைப் போட்டாள்.

வெளியே, உண்மையை எழுதிய குற்றத்துக்காக என்னை வேலையிலிருந்து நீக்குவது என்று ஷெரிஃப் முன்மொழிவதும், மார்ஷல் வழிமொழிவதும், ஸ்கொயர் ஏகமனதாக என்று அறிவிப்பதும் தெளிவாகக் கேட்டன. மூன்று நாள் இல்லை, மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. சாசனம் வந்த பிறகு மாநிலமும் ஒன்றியமும் எங்கள் ஊரில் ஒன்றுபட்ட முதல் விஷயம் அதுதான். எழுதிக்கொள்ள எழுத்தர் இல்லாததால் அந்தத் தீர்மானம் இன்னும் நிறைவேறவில்லை என்று கேள்வி.

ஹிட்டி குழந்தையை ஜோதமிடமிருந்து வாங்கி என் மடியில் கிடத்தினாள். குட்டிப் பெண் கனமாகத்தான் இருந்தாள்.